கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆள்

2024 செப்டம்பர் 2, திங்கள். காலை 7.40. குழாய்கள்: 12.

பன்னிரண்டையும் கம்பெனி ஸ்டோரிலிருந்து சொல்லாமல் எடுத்தேன். திருட்டு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். ரிஜிஸ்டரில் எழுதினால் 'எதற்காக' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். 'அக்காவுக்குப் பிரமை' என்று அதில் எழுத முடியாது. அதனால்தான் இந்தத் தனி நோட்டு.

விஷயம் சுருக்கமாக. நான் அம்பத்தூரில் ஒரு வாசனைக் கம்பெனியில் இருக்கிறேன். கெமிக்கல் டெக்னாலஜி படித்தவன். சோப்புக்கும் சென்ட்டுக்கும் போகிற கலவைகளை மெஷினில் ஓட்டி, எதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது வேலை. அக்கா அரசி, பிசியோதெரபிஸ்ட். ஜூனில் கணவரை விட்டு வந்துவிட்டாள். கொரட்டூரில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் பாடியில் ஒரு ரூமில். மூன்று வாரமாக அக்கா ஒன்றையே சொல்கிறாள்: அவள் வேலைக்குப் போன நேரத்தில் யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டுப் போகிறார்கள். யாரோகூட இல்லை. மாமா. அவள் கணவர், சிவநேசன்.

ஆதாரம் என்று பார்த்தால், எதுவும் களவு போகவில்லை. பூட்டு உடையவில்லை. வாசனை மட்டும். அவர் போடும் சென்ட்டின் வாசனை.

ஸ்டேஷனுக்கும் போயிருக்கிறாள். ரைட்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாசனைய எஃப்.ஐ.ஆர்ல எப்படிம்மா எழுதுறது?" என்றாராம். நியாயமான கேள்விதான்.

நேற்று நான் கேட்டேன். "எங்க அடிக்குது? ஹால்லயா, கிச்சன்லயா?"

"தலகாணி உறையில."

"உன் தலகாணி நீ தலை வெக்கிறது. உன் எண்ணெய் வாசனையா இருக்கும்."

"நான் தலை வெக்கிற பக்கம் இல்லடா. அந்தப் பக்கம்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "நீ என்ன வேணா படிச்சிருக்கலாம் மாறா. ஆறு வருஷம் அந்த வாசனையோட படுத்தவ நான்" என்றாள்.

படுத்தவளுக்குத்தான் பிரமை வரும். மூக்கு ஞாபகத்திலிருந்தும் முகரும், இது பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. அளந்தால் முடிந்தது. விரல் நீளக் குழாய், உள்ளே காற்றில் இருப்பதைப் பிடித்து வைக்கும் தூள். மூடியைத் திறந்து ஒரு நாள் வைத்து, மூடிக் கொண்டுவந்து மெஷினில் சூடாக்கினால் பிடித்ததையெல்லாம் கக்கிவிடும். ஒவ்வொரு பொருளும் தனக்கான நிமிடத்தில் வெளியே வந்து கிராஃபில் ஊசி மாதிரி நிற்கும். அதை நாங்கள் பீக் என்போம். பீக் பொய் சொல்லாது.

பைக் சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன். கிளட்ச். வியாழன் தருகிறேன் என்கிறான்.


செப்டம்பர் 3, செவ்வாய். காலை 8.15. மிச்சம்: 11.

ஒரு குழாயை அக்கா படுக்கையறை ஜன்னல் கட்டையில் வைத்தேன். "என்னடா இது, கொசு மருந்தா?" என்றாள்.

"பிடிக்கிறது."

"யாரை?"

"யாரையும் இல்ல. ஏதாச்சும் இருந்தா."

"நீ மோப்ப நாய் ஆகியிருந்தா நாட்டுக்கு உபயோகமா இருந்திருக்கும்" என்று தலையில் தட்டிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். நான் எண்ணினேன்.

மாமாவைப் பற்றி எழுதிவிடுவது நல்லது. நேர்மையாக இருக்க வேண்டும் என்றால் எனக்கு அவரைப் பிடிக்கும். கை நீட்டியதில்லை. குடிப்பதில்லை. ஆறு வருடத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் அவர் வருவதற்கு முன் அந்த வாசனை வரும்: முதலில் மிளகு, பிறகு கிராம்பு, கடைசியில் புதிதாக அறுத்த மரம். எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் உட்பட. இந்த ரூம் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். ஹவுஸ் ஓனர் கோதண்டம் சார் அவருக்குப் பழக்கம். அம்மாவுக்கு இன்னமும் மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்கி அனுப்புகிறார். அக்கா போனபிறகும்.

ஜூலையில் எங்கள் கம்பெனிக்கு ஒரு ஆர்டர் வந்தது. ஆண்களுக்கு, காரமும் மரமுமாக, 'ஒரு ஆளைப் பார்த்த மாதிரி' ஒரு வாசனை வேண்டும் என்று. எந்த மாதிரி என்று மீட்டிங்கில் கேட்டார்கள். மாமா போடும் வெளிநாட்டு பாட்டிலின் பெயரைச் சொன்னது நான்தான். இரண்டு மாதமாக அதன் நகலைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். இன்று பதினான்காவது டிரையல்.

அக்கா போனபின் மாமா என்னிடம் ஒரு முறைதான் பேசினார். ஆகஸ்டில்.

(இங்கே இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். விஷயத்துக்குச் சம்பந்தமில்லை.)


செப்டம்பர் 4, புதன். பகல் 1.50.

சாப்பாட்டு நேரத்தில் ஓட்டினேன். இருக்கிறது.

கிராம்பின் பீக், மிளகு, தேவதாரு, வெட்டிவேர். அளவு குறைவு, ஆனால் இருக்கிறது. 31.4 நிமிடத்தில் ஒரு குட்டிப் பீக்கும் இருக்கிறது, அது என்ன சரக்கு என்று தெரியவில்லை. மெஷின் அழுக்காக இருக்கும்.

ஒரு ரீடிங் ரீடிங்கே இல்லை. அக்கா அங்கிருந்து கொண்டுவந்த பழைய புடவை, பெட்ஷீட் எதிலாவது ஊறியிருக்கலாம். இவ்வளவுதான் போனில் சொன்னேன்.

"அப்ப இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு. ஆனா அவர் வந்தார்னு அதுக்கு அர்த்தம் இல்ல."

"மாறா, அவர் பொருள் ஒண்ணுகூட நான் எடுத்துட்டு வரல. ரெண்டு சுடிதாரோட வந்தேன். உனக்கே தெரியும்."

தெரியும். ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிவரப் போனவன் நான். ஒரு கட்டைப் பை.


செப்டம்பர் 5, வியாழன். மாலை 6.10.

பைக் தரவில்லை. பார்ட்ஸ் வரவில்லையாம். பண்டிகை முடியட்டும் என்கிறான். ஷேர் ஆட்டோவில் இடுப்பு போய்விட்டது.

இன்று 'ஆள் சொல்லுதல்'. புது வாசனை ஒன்று தயாரானால் ரெஜினா மேடம் ஆபீஸில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, பெயர் சொல்லாமல், தாள் பட்டையில் நனைத்து முகரக் கொடுப்பார். 'இது எப்படிப்பட்ட ஆள்?' ஒரு வரி எழுத வேண்டும். மேடம்தான் எங்கள் வாசனையைக் கட்டுகிறவர். அசல் பாட்டிலை அவர் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். எனக்கு மணம் ஒட்டிவிடும் என்று தொடவிட்டதில்லை, அதை மெஷினில் ஓட்டியதும் அவரேதான்.

பதில்கள்:
ரிசப்ஷன் பெண்: டாக்டர் மாதிரி. நம்பலாம்.
டிரைவர் ஞானவேல்: பெரிய இடத்து ஆள். ஆனா நல்லவர்.
அக்கவுண்ட்ஸ்: நாப்பது வயசு, சொந்த வீடு.
மார்க்கெட்டிங் அபிலாஷ் நாலு வரி எழுதினான், அதையே விளம்பரத்துக்கும் வைத்துக்கொள்ளப் போகிறானாம்: 'இவன் குரலை உயர்த்துவதில்லை. தேவையில்லை. கேட்டதை இரண்டாம் முறை கேட்பதில்லை. அறையை விட்டுப் போன பிறகும் அறையில் இருப்பான்.'

படித்ததும் மாமா முகம் வந்தது. அவரைப் பார்த்தே எழுதின மாதிரி.

ஐந்தாவது, கூட்டித் துடைக்கும் செல்வி அக்கா. எழுத வராது, சொல்லச் சொன்னோம். ஒரு தடவை முகர்ந்துவிட்டுப் பட்டையை மேஜை ஓரத்தில் வைத்தார்.

"வேணாங்க."

"பிடிக்கலையா செல்வி?" என்றார் மேடம்.

"வாசன நல்லாத்தான் இருக்குது. ஆளு நல்லால்ல. கதவுக்குப் பின்னாடி நிக்கிற ஆளு."

எல்லோரும் சிரித்தோம். அபிலாஷ், "செல்விக்கா, பேய்ப் படம் பாக்குறத நிறுத்துங்க" என்றான். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அட்டவணையில் அவர் பதிலைச் சேர்க்கவில்லை. ஐந்தில் ஒன்று ஒத்துப்போகவில்லை என்றால் அது தவறான ரீடிங்.


செப்டம்பர் 6, வெள்ளி. காலை 9.30. மிச்சம்: 9.

அக்கா அடம்பிடித்துப் பூட்டை மாற்றிவிட்டாள். பூட்டுக்காரன் முன்னால் நின்று எண்ணி வாங்கினோம்: சாவி இரண்டே இரண்டு. ஒன்று அவளிடம். ஸ்பேர் என்னிடம், பழையது இருந்த மாதிரியே. என் ரூம் கதவை ஒட்டி இரண்டு ஆணி. இடது ஆணி அக்கா சாவி, வலது ஆணி பைக் சாவி.

இரண்டு குழாய் வைத்தேன். கிச்சனில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று.


செப்டம்பர் 7, சனி.

பிள்ளையார் சதுர்த்தி. அக்கா கொழுக்கட்டை செய்தாள். பூரணம் வெளியே வந்துவிட்டது, கரண்டியால் வழித்துச் சாப்பிட்டோம். தெருமுனைப் பந்தலில் மைக் செட் அலறிக்கொண்டே இருந்தது.

அம்மா போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டோம். "நல்ல நாளும் அதுவுமா அந்த மனுஷன் தனியா உக்காந்திருப்பாரு. ஒரு வார்த்த பேசுனா என்ன குறைஞ்சிடும்?"

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள். அம்மாவிடம் இல்லை, போனை வைத்தபிறகு என்னிடம்.

"ஒரு தடவ அந்த சென்ட் பாட்டில் என் கை தவறி விழுந்துச்சு. பாத்ரூம்ல. திட்டுவார்னு நின்னேன். திட்டல. வெளக்கமாறு எடுக்கப் போனேன். வேணாம், கையால எடுன்னார். பொறுமையா எடு, அவசரமில்ல, நான் இருக்கேன்னார். கதவுல சாஞ்சுகிட்டு நின்னார். கடைசிச் சில்லு எடுக்கறவரைக்கும் நின்னார். எல்லாம் முடிஞ்சதும் பேண்ட் எய்ட் அவரே ஒட்டிவிட்டார்."

"அதுக்கப்புறம்?" என்றேன்.

"அதுக்கப்புறம் என்ன. பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிட்டார். உள்ள எனக்கு ஏதாவது ஆயிட்டா எப்படி வர்றதுன்னு."

மீதிக் கொழுக்கட்டையை டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.


செப்டம்பர் 8, ஞாயிறு. மாலை 5.00.

இரண்டு குழாயும் சுத்தம். ஒன்றுமே இல்லை. விடுமுறையில் லேபைத் திறக்க வாட்ச்மேனிடம் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

பண்டிகைக்கு வீடு கழுவியிருக்கிறாள், ஜன்னல் திறந்திருந்தது. அதனால் சுத்தம். பூட்டு மாற்றியதால்தான் என்று அக்கா. இரண்டு காரணமும் பொருந்துகிறது. ஆக எதுவும் நிரூபணம் இல்லை.

மாமா கூப்பிட்டார். எடுக்காமல் இருக்க முடியவில்லை. பண்டிகை விசாரிப்பு. எப்போதும் போல அமைதியாக, அம்மா பிரஷர் எவ்வளவு, என் வேலை எப்படி என்றெல்லாம் கேட்டார். கடைசியில், "அவ தனியா இருக்கா. எனக்கு அது ஒண்ணுதான் மாறா. வேற எதுவும் கேக்கல" என்றார். குரல் கொஞ்சம் தழுதழுத்த மாதிரி இருந்தது. பாவமாகிவிட்டது.

"கவலப்படாதீங்க மாமா, சேஃபாதான் இருக்கா. பூட்டுகூட புதுசா மாத்திட்டோம். ஸ்பேர் சாவி என்கிட்டதான் இருக்கு" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம்பா" என்றார்.

அவர் நிம்மதிக்காகச் சொன்னதுதான்.


செப்டம்பர் 9, திங்கள். இரவு சாப்பாட்டுக்கு முன். மிச்சம்: 7.

யோசித்ததில் ஒரு ஓட்டை தெரிந்தது. இரண்டு மாதமாக நகலைக் கையாளுகிறவன் நான். வாரத்தில் மூன்று நாள் அக்கா வீட்டுக்குப் போகிறவனும் நான். என் சட்டையிலிருந்து அங்கே போயிருந்தால்?

இதற்கு வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு குழாய். ஒன்று அக்கா படுக்கையறையில். இன்னொன்று என் ரூமில், ஒப்பிட. மாமாவுக்கும் என் ரூமுக்கும் சம்பந்தமில்லை. இங்கேயும் அதே பீக்குகள் வந்தால் குற்றவாளி என் சட்டை.

இரண்டையும் இன்று திறந்துவிட்டேன். புதன் காலை மூடுவேன்.


செப்டம்பர் 10, செவ்வாய். மாலை 7.20.

வாட்டர் கேன் வரவில்லை. அக்கா சாவி வலது ஆணியில் தொங்குகிறது. அவசரத்தில் மாற்றி மாட்டிவிட்டேன் போல. இடதுக்கு மாற்றினேன்.


செப்டம்பர் 11, புதன். பகல் 2.15.

காலையிலேயே அக்காவின் மெசேஜ்: 'மறுபடியும் இருக்கு. புதுப் பூட்டு மாறா.'

நான் பதில் போடவில்லை. முதலில் மெஷின்.

அக்கா வீட்டுக் குழாய்: இருக்கிறது. கிராம்பு, மிளகு, தேவதாரு, எல்லாம்.
என் ரூம் குழாய்: இருக்கிறது. அதே வரிசை. இன்னும் கொஞ்சம் அதிகமாகவே.

இரண்டிலும் 31.4-இல் அந்தக் குட்டிப் பீக். மெஷினைக் கழுவ வேண்டும், யாரும் செய்வதில்லை.

முடிந்தது. மூன்று காரணம் வரிசையாகச் சொல்கிறேன். பூட்டு புதிது. சாவி இரண்டே, இரண்டும் எங்களிடம். மாமா கால் வைக்காத என் ரூமிலும் அதே வாசனை. ஆக அங்கே யாரும் வரவில்லை. வாசனையைக் கொண்டுபோனது நான். ஒன்பது நாள் வேலை, சுத்தமான விடை. திருப்தியாக இருக்கிறது.


செப்டம்பர் 12, வியாழன். மாலை 6.45.

அக்காவிடம் கிராஃப் இரண்டையும் விரித்துக் காட்டி விளக்கினேன். நேற்று ராத்திரி கிளினிக்கில் கூட வேலை பார்க்கும் மெர்சி என்ற பெண்ணின் ஹாஸ்டலில் போய்ப் படுத்துக்கொண்டாளாம். எனக்குச் சொல்லவே இல்லை.

கிராஃபைக் கையில் எடுத்தாள். "அப்ப நான்தான் லூசா?"

"லூசு இல்லக்கா. உன் மூக்கு சரி. காரணம்தான் தப்பு. நான் பண்ணின வேலை."

"நெஜமா?"

"மெஷின் பொய் சொல்லாது."

அழுதாள். பிறகு சிரித்தாள். "மூதேவி, உன் சட்டையத் துவைக்கிறதே இல்லையா நீ?" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஜூனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். இன்றே ஹாஸ்டலிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன் என்றாள். ராத்திரியில் உள்தாழ்ப்பாளுக்குக் குறுக்கே போட அவள் கதவோரம் இழுத்து வைத்திருந்த பீரோவை நானே நகர்த்தி இடத்தில் வைத்தேன். கனம். இதை எப்படித் தனியாக இழுத்தாள் என்று தெரியவில்லை.

முடிவு: பதினைந்து நாள் நான் அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது. வாசனை நின்றுவிட்டால் என் விடைக்கு அதுதான் கடைசி முத்திரை. "பதினஞ்சு நாள் உன் மூஞ்சியப் பாக்க வேணாம்னா எனக்கும் சந்தோஷம்தான்" என்றாள்.


செப்டம்பர் 13, வெள்ளி.

போகவில்லை.


செப்டம்பர் 14, சனி.

போகவில்லை. துணி எல்லாவற்றையும் இரண்டு முறை துவைத்தேன். பைக் இன்னும் வரவில்லை.


செப்டம்பர் 16, திங்கள். காலை 8.00.

அக்கா மெசேஜ்: 'நீ வந்தியா?' இல்லை என்றேன். 'சரி' என்றாள்.

ஏன் கேட்டாள் என்று கேட்டிருக்கலாம். லேட்டாகிவிட்டது, ஓடிவிட்டேன்.


செப்டம்பர் 17, செவ்வாய். பகல் 1.30.

அக்கா போன். குரல் தாழ்வாக, பேஷண்ட் பக்கத்தில் இருக்கிற மாதிரி.

"மாறா, பதினஞ்சு நாள்னு சொன்ன. உன் துணியெல்லாம் துவைச்சிட்டேன்னும் சொன்ன. நீ வந்து அஞ்சு நாளாச்சு. வாசன குறையல."

"சுவர்ல, மெத்தைல ஊறியிருக்கும். போகப் போகத்தான்."

"ஊறினது குறையணும்ல? நேத்தைக்கு இன்னைக்கு அதிகம்."

"உன் மனசு..."

"சொல்லாத. அத மட்டும் சொல்லாத. அதத்தான் ஆறு வருஷம் அவர் சொன்னார்."

வைத்துவிட்டாள். நான் சொல்லவந்தது அதுதான். அதனால்தான் கோபம் வந்தது. யார் மேல் என்று எழுதத் தெரியவில்லை.


செப்டம்பர் 18, புதன். மாலை 4.22.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம்.

பகல் 2.40. ரெஜினா மேடம் என் மேஜைக்கு வந்தார். என் ரூம் குழாயின் கிராஃப் மேலே கிடந்தது. எது என்றார். டிரையல் பதினாறு என்று பொய் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாருக்குப்பா கதை விடுற? இது நம்ம சரக்கே இல்ல."

"நம்மதுதான் மேடம். கிராம்பு பாருங்க, தேவதாரு..."

"அதெல்லாம் ரெண்டுலயும் இருக்கும், அதுக்குப் பேருதான் நகல். இங்க பாரு. 31.4." விரலால் அந்தக் குட்டிப் பீக்கைத் தட்டினார். "இது அந்தக் கம்பெனிக்காரன் சொந்தமா வெச்சிருக்கிற மர வாசனை. வெளில விக்க மாட்டான். என்ன கெஞ்சினாலும் நமக்குக் கிடைக்காது, அதுக்குப் பதிலாத்தான் வேற ஒண்ணப் போட்டுட்டு ரெண்டு மாசமா தலையப் பிச்சிக்கிட்டு இருக்கேன். இது அசல் பாட்டில். என் அலமாரியத் தொறந்தியா?"

இல்லை என்றேன். முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மறுபடி கேட்கவில்லை.

அழுக்கு இல்லை. மூன்று கிராஃபிலும் இருந்தது. பண்டிகைக்கு எடுத்த சுத்தமான இரண்டில் இல்லை. மெஷின் அழுக்காக இருந்தால் ஐந்திலும் இருக்க வேண்டும். இதைப் பார்க்க ஐந்து தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். நான் வைக்கவில்லை. விடை முன்பே பிடித்திருந்தது.

என் சட்டையில் இல்லாத பொருள் என் ரூமில் இருந்திருக்கிறது. ஒன்பதாம் தேதி மாலைக்கும் பதினொன்றாம் தேதி காலைக்கும் நடுவில். நடுவில் பத்தாம் தேதி. வலது ஆணி.

3.50. ரூமுக்கு வந்தேன். கோதண்டம் சார் கேட்டருகில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "சார், என் ரூமுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"உங்க மாமாதான். ஏன் தம்பி?"

"எப்ப?"

"போன மாசம் ஒரு தபா. அப்புறம் சதுர்த்தி முடிஞ்ச செவ்வாக்கிழம. ஏதோ பேப்பர் வெக்கணும்னாரு, என்கிட்ட இருக்கிற சாவியக் குடுத்தேன். கொஞ்ச நேரத்துல வெளிய போயிட்டு மறுபடி வந்து வெச்சிட்டுப் போனாரு. புள்ள ட்யூட்டில இருப்பான், சொல்லித் தொந்தரவு பண்ணாதீங்கன்னாரு. தங்கமான மனுஷன் தம்பி. எவ்ளோ மரியாத."

"அவ்வளவுதானா?"

"இன்னிக்கும் வந்தாரே. இப்பத்தான், ஒரு மணி நேரம் இருக்கும். இன்னிக்குத் திரும்பி வரல."

மாடிப் படியிலேயே தெரிந்தது. மிளகு. கிராம்பு. அறுத்த மரம். குழாய் தேவைப்படவில்லை. ரூம் கலையவில்லை. கட்டில் ஓரம் மட்டும், யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி, விரிப்பு அமுங்கியிருந்தது.

இடது ஆணி காலி.

பழைய சாவியை ஆகஸ்டில் இங்கிருந்துதான் எடுத்து நகல் போட்டிருக்கிறார். புதிதையும் எட்டு நாள் முன்பே போட்டுவிட்டார். உள்ளே போக அவருக்கு இந்தச் சாவி வேண்டியதில்லை. இதை எடுத்துப் போனது நான் உள்ளே வராமலிருக்க. திருப்பி மாட்டவில்லை, ஏனென்றால் இனி எனக்குத் தெரிந்தாலும் அவருக்குப் பரவாயில்லை.

4.05. அக்காவுக்குப் போன். மூன்று முறை. பேஷண்ட் இருக்கும்போது லாக்கரில் வைத்துவிடுவாள். கிளினிக் ரிசப்ஷனுக்கு அடித்தேன்.

"அரசி மேடம் தெரபில இருக்காங்க. அஞ்சரைக்கு முடியும். கடைசி பேஷண்ட் வரலன்னா முன்னாடியே கிளம்பறேன்னு சொல்லிட்டிருந்தாங்க."

"விடாதீங்க. நான் வர்றவரைக்கும் அனுப்பாதீங்க."

"நீங்க யாருங்க?"

"தம்பி."

"ஓ. காலைலகூட ஒருத்தர் கேட்டாரு, எத்தன மணிக்கு முடியும்னு. அவரும் வீட்டு ஆளுதான்னாரு. ரொம்பத் தன்மையாப் பேசினாரு சார், அதான் சொல்லிட்டேன்."

எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம். அம்மா, கோதண்டம் சார், இந்தப் பெண், நான். அவர் யாரையும் மிரட்டவில்லை. யாரிடமும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஆட்டோ ஐந்து நிமிடத்தில் வரும் என்று போன் காட்டுகிறது. பைக் இருந்திருந்தால் இந்நேரம் போயிருப்பேன். இருக்கிற ஐந்து நிமிடத்தில் இதை எழுதிக்கொள்கிறேன். எழுதாமல் போனால் ஒன்றை விட்டுவிடுவேன். எதை விடுவேன் என்றும் எனக்குத் தெரியும்.

1. நேராகக் கிளினிக். ரிசப்ஷனில் சொல்லி அனுப்பக் கூடாது, நானே உள்ளே போய் அக்கா கையைப் பிடிப்பது. அவளை இன்று மெர்சியின் ஹாஸ்டலில் விடுவது.

2. அவள் கிளம்பிவிட்டிருந்தால் கொரட்டூர். கீழ் வீட்டு ஆட்களோடுதான் மாடி ஏறுவது. ஏறுவதற்கு முன்பே நூறுக்கு அடிப்பது. வாசனை என்று சொல்லக் கூடாது, வீட்டுக்குள் ஆள் இருக்கிறான் என்று சொல்வது.

3. அவர் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினால் பதில் சொல்லக் கூடாது. நான் பதில் சொல்லிப் பழகியவன்.

4. ஐந்து கிராஃபும் ஸ்டேஷனுக்கு. கோதண்டம் சாரும் கூட வர வேண்டும். தாளைப் பார்த்துச் சிரித்தாலும் அவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

5. செல்வி அக்காவின் பதிலை அட்டவணையில் சேர்ப்பது. முதல் வரியாக.

6. மேடத்திடம் குழாய்களைப் பற்றிச் சொல்வது. ஏழு மிச்சம்.

7. அக்காவிடம் சொல்வது. இன்றே, அவள் முகத்தைப் பார்த்து. ஆகஸ்ட் 11, ஞாயிறு, மாலை நாலு மணி. மாமா விலாசம் கேட்கவே இல்லை. "அவ இருக்கிற பக்கம் தண்ணியாவது ஒழுங்கா வருதா மாறா?" என்றுதான் கேட்டார். "கொரட்டூர்ல பிரச்சன இல்ல மாமா, மாடி வீடு, எதிர்லயே வாட்டர் டேங்க்" என்றேன். நான் அடித்த இரண்டு வரி இதுதான்.